ஓசு: கேள்விப்படாதவர்களிடம் அதைப் பற்றிப் பேசுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தோழி நைஜீரியாவின் இமோ மாநிலத்துக்காரர். லண்டனில் ஒரே அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகள் எதிரெதிர் மேசையில் வேலை பார்த்தோம். ஏழாவது ஆண்டில், ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான், தன் குடும்பம் ஊரில் ‘ஓசு’ என்று ஒதுக்கப்பட்ட குடும்பம் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. எனக்கு அந்தச் சொல்லே தெரியாது. “அப்படியென்றால்?” என்று கேட்டேன். சிரித்துவிட்டார். அந்தச் சொல்லைக் கேட்டு ஒருவர் இப்படி விழிப்பதை அவர் அதுவரை பார்த்ததில்லையாம்.

பிறகு என் வீட்டிலும் நண்பர்களிடையிலும் இந்தப் பேச்சு வந்தபோதெல்லாம் சுற்றிச் சுற்றி அதே கேள்விகள்தான் வந்தன. அவற்றில் அசட்டுக் கேள்விகள் பாதி நான் கேட்டவை. தோழி படித்துப் பார்த்து, இரண்டு இடங்களில் அடித்துத் திருத்திய பிறகே இதை வெளியிடுகிறேன்.

ஓசு என்பவர்கள் யார்?

நைஜீரியாவின் தென்கிழக்கில் அபியா, அனம்ப்ரா, எபோனி, எனுகு, இமோ ஆகிய ஐந்து மாநிலங்களும் இக்போ மக்களின் தாயகம். அங்கே ஊர்த் தெய்வங்களுக்கு ‘அலுசி’ என்று பெயர். அப்படி ஒரு தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்ட மனிதர்களும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் ஓசு. மற்றவர்கள் ‘டியாலா’, அதாவது மண்ணின் மக்கள், சுதந்திரமாகப் பிறந்தவர்கள்.

‘நேர்ந்துவிடுதல்’ என்ற சொல் தமிழில் இருப்பது இதை விளக்குகிறவருக்குப் பெரிய வரம். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட மாட்டை யாரும் ஏரில் பூட்டமாட்டார்கள். அடித்து விரட்டவும் மாட்டார்கள், வீட்டுத் தொழுவத்தில் கட்டவும் மாட்டார்கள். அது சாமியுடையது. ஒரு மனிதரை அப்படி விட்டால் என்ன ஆகும்? அவரை அடித்தால் சாமி குற்றம். அவரோடு கலந்து உறவாடினால் நமக்கும் அந்தப் பிடி வந்து சேரும். அதனால் அவர் சன்னிதிக்கு அருகிலோ சந்தைக்கு ஓரத்திலோ தனியாகக் குடியிருப்பார். முதலில் அச்சத்தால் விலகினார்கள். நாளடைவில் அச்சம் தேய்ந்து விலகல் மட்டும் நின்றுவிட்டது.

‘ஓஹு’ என்று இன்னொரு சொல்லும் உண்டு. அது மனிதருக்கு அடிமையானவரைக் குறிக்கும். ஓசு தெய்வத்தின் உடைமை. வெளியூர்க்காரர் இரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம்.

எப்படி ஓசு ஆனார்கள்? அவர்கள் முன்னோர் ஏதாவது குற்றம் செய்தவர்களா?

இரண்டாவது பாதியைக் கேட்டுவிடாதீர்கள். என் தோழி மிகவும் வெறுக்கும் கேள்வி அது. ஊருக்கு வந்த கேட்டைப் போக்க ஒருவரை விலைக்கு வாங்கித் தெய்வத்துக்கு விட்டதும் உண்டு. கடனுக்கோ, பகைக்கோ, தன்னை விற்றுவிடுவார்களோ என்ற பயத்துக்கோ தப்பியோடி, தானே சன்னிதியில் தஞ்சம் புகுந்தவர்களும் உண்டு. பிறகு பிறப்பால் ஓசு. ஓசுவை மணந்ததால் ஓசு. உயிர் பிழைக்கக் கோயிலுக்குள் ஓடியவரின் பேரப்பிள்ளைகளுக்கு, அவர் உயிர் பிழைத்ததே வசையாகிவிட்டது.

சாமிக்கு விட்டவர்களைக் கும்பிடத்தானே வேண்டும்? ஏன் ஒதுக்கினார்கள்?

இது என் அம்மா கேட்டது. நான் கேட்ட எதையும்விட நல்ல கேள்வி. ஆய்வாளர்களுக்குள்ளும் இந்த விவாதம் உண்டு. தொடக்கத்தில் ஓசு சிலரே இருந்தார்கள், தெய்வத்தின் ஊழியர் என்ற மதிப்பும் அவர்களுக்கு இருந்தது, அட்லாண்டிக் அடிமை வணிகம் ஊர்களைப் பிய்த்துப்போட்ட காலத்தில்தான் அவர்கள் எண்ணிக்கை பெருகி நிலை தாழ்ந்தது என்று சிலர் கருதுகிறார்கள். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. கடத்தலும் விற்பனையும் நடக்கும் நாட்டில் சன்னிதிக்கு ஓடுகிறவர்கள் கூடத்தான் செய்வார்கள். ஒன்றிரண்டு பேராக இருந்தவரை சாமியுடையவர்கள். கூட்டமாகப் பெருகியதும் வேண்டாதவர்கள்.

பொட்டுக் கட்டப்பட்ட பெண்களுக்கு நம்மிடம் நேர்ந்ததை அம்மாவே சொல்லி முடித்தார். நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பார்த்தால் தெரியுமா?

தெரியாது. முகம், மொழி, பெயர், சாப்பாடு எதிலும் வித்தியாசமில்லை. முற்காலத்தில் ஓசுவின் தலையில் கத்தி படக்கூடாது. சடை விழுந்த தலைமுடிதான் அடையாளம். இன்று எந்த அடையாளமும் கிடையாது.

அப்படியானால் நம் ஊர்ச் சாதிதானே?

கொஞ்சம் ஆம். பிறப்பால் வருவது, சம்பந்தத்தில் கடுமையாக நிற்பது, இறந்தவரை எங்கே புதைப்பது என்பதுவரை தொடர்வது, இவையெல்லாம் நமக்குச் சொல்லாமலே புரியும். 2001-ல் டர்பன் நகரில் இனவெறிக்கு எதிரான உலக மாநாடு நடந்ததை ஒட்டி, உலகளாவிய சாதிப் பாகுபாடு பற்றிப் பேசியவர்கள் தலித்துகளோடும் ஜப்பானின் புராகுமின் மக்களோடும் சேர்த்து ஓசுவையும் குறிப்பிட்டார்கள். மறு ஆண்டே ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு, வம்சாவளியை வைத்து ஒதுக்குவதும் பாகுபாடே என்று தெளிவுபடுத்தியது.

ஆனால் “அட, சாதிதான்” என்று முடித்துவிட்டால் பாதி தவறிப்போகும். ஓசுவுக்கென்று குலத்தொழில் இல்லை. ஏணிப்படி போல நூறு பிரிவுகள் இல்லை. ஒரு கோடு, அதற்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம், அவ்வளவுதான். மிக முக்கியமான வித்தியாசம் காகிதம். நமக்குத் தாசில்தார் அலுவலகத்தில் சாதிச் சான்றிதழ் தருகிறார்கள், அதை வைத்து இட ஒதுக்கீடு கேட்கலாம், வழக்குப் போடலாம், கணக்கெடுக்கலாம். ஓசுவுக்கு எந்தப் பதிவேடும் இல்லை. நைஜீரியாவின் 2006 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனம், மதம் இரண்டைக்கூடக் கேட்கவில்லை. பிறகு ஓசு எங்கே? எத்தனை பேர் என்று அரசுக்கே தெரியாது. ஊரின் ஞாபகம்தான் பதிவேடு. அந்தப் பதிவேட்டை எந்த நீதிமன்றமும் வரவழைத்துப் பார்க்க முடியாது, திருத்தவும் முடியாது.

சட்டம் இல்லையா?

இருக்கிறது, என் அப்பா பிறப்பதற்கு முன்பிருந்தே. 1956-ல் அன்றைய கிழக்குப் பிராந்தியச் சட்டமன்றம், நம்டி அசிகிவே அந்தப் பிராந்தியத்தின் முதல்வராக இருந்தபோது, ஓசு முறையை ஒழித்துச் சட்டம் இயற்றியது. சட்டம் நடைமுறைக்கு வரும் நாளில் ஓசுவாக இருக்கும் ஒவ்வொருவரும் அன்றோடு ஓசு அல்லர், அவர்களுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளும் அல்லர் என்பது அதன் சாரம். எவ்வளவு அழகான வாசகம் பாருங்கள். நாடு முழுமைக்குமான 1999 அரசியலமைப்பின் 42-ஆவது பிரிவும் பிறப்பின் சூழ்நிலையை வைத்து எந்தக் குடிமகனுக்கும் குறை விளைவிக்கக்கூடாது என்கிறது. ஆனால் “உன் மகளை என் மகனுக்கு எடுக்கமாட்டேன்” என்று சொன்னவர்மீது யார் போய்ப் புகார் எழுதுவது? எழுதினால், தான் ஓசு என்று காவல் நிலையத்தில் தானே எழுதிக்கொடுத்ததாகிவிடும்.

கிறித்தவர்களாகிய பிறகுமா?

1857-ல் இக்போ நாட்டின் ஒனிட்சா நகருக்குக் கிறித்தவ மிஷன் வந்தது. தொடக்கத்தில் துணிந்து சபைக்கு வந்தவர்களில் ஓசு பலர்; இழப்பதற்கு அவர்களிடம் ஒன்றும் இல்லை. மிஷன் பள்ளியில் முதலில் படித்து, முதலில் உத்தியோகத்துக்குப் போன குடும்பங்களிலும் அவர்கள் உண்டு. தெய்வத்தின் சன்னிதி இடிந்து புல் முளைத்துவிட்டது. அந்தத் தெய்வத்தை இன்று யாரும் கும்பிடுவதில்லை. அதற்கு நேர்ந்துவிட்டவர்களை மட்டும் யாரும் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரே வரிசையில் நற்கருணை வாங்குகிறவர்கள், சனிக்கிழமை திருமணப் பேச்சில் அந்த இடிந்த சன்னிதியைத் தோண்டி எடுப்பார்கள்.

திருமணத்தில் எப்படித் தெரிய வருகிறது?

‘இஜு எசே’ என்று ஒரு வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் ஊருக்கும், பெண் வீட்டார் மாப்பிள்ளையின் ஊருக்கும் ஆள் அனுப்பி விசாரிப்பது. நோய், கடன், குணம் எல்லாம் விசாரிப்பார்கள். தவறாமல் விசாரிப்பது ஓசுவா என்பதை. லாகோசில் வளர்ந்து, ஹூஸ்டனில் வேலை பார்க்கும் இரண்டு பேர் காதலித்தாலும், இரு கிராமத்துக்கும் யாரோ ஒரு பெரியப்பா போய்வந்துவிடுவார். விசாரணை நேரடியாக இராது. நம் ஊரில் புது ஆள் வந்தால் “சொந்த ஊர் எது?” என்று தொடங்கி, “அங்கே எந்தத் தெரு?” என்று இறங்கி, “அந்தத் தெருவில் இன்னார் வீட்டுக்கு என்ன வேண்டும்?” என்று முடிப்பார்களே, அதே இறங்குமுறை. எந்த ஊர், எந்தக் கிராமம், எந்த ‘உமுன்னா’, அதாவது எந்தப் பங்காளிக் கூட்டம். மூன்றாவது கேள்விக்குப் பதில் வந்ததும் பேச்சு மழை, சாலை என்று வேறு பக்கம் திரும்பிவிடும். திரும்பிவிட்டால் தெரிந்துகொண்டார்கள் என்று பொருள்.

என் தோழிக்கு ஒரு சம்பந்தம் அப்படி நின்றது. கதவைத் தட்டும் சடங்குக்கு நாள் குறித்திருந்தார்கள், கள்ளுக்குச் சொல்லியாயிற்று. மாப்பிள்ளையின் அப்பாவுக்குத் திடீரென்று முதுகுவலி. அந்த முதுகுவலி இன்றுவரை தீரவில்லை. காரணம் என்னவென்று யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. இரு வீட்டாரும் ஒருவருக்கொருவர் மரியாதையாகக் கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கூட அனுப்பிக்கொண்டார்கள்.

நாவல் ஒன்றைப் படிக்கச் சொல்லிவிட்டால் போதாதா?

சினுவா அச்செபேயைத்தானே சொல்கிறீர்கள். அவருடைய 1958 நாவலில் ஓசு சபைக்கு வரும் கட்டமும், 1960-ல் வந்த இரண்டாவது நாவலில் வெளிநாட்டில் படித்துத் திரும்பிய நாயகன் ஓசுப் பெண்ணை மணக்கத் துணியும் கட்டமும் உண்டு. கிறித்தவ ஊழியரான தகப்பனே அந்தத் திருமணத்தை எதிர்க்கிறார். படிக்க வேண்டியவைதாம். ஆனால் அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்பது நாயகன் கண்வழியாகத்தான் நமக்குக் கிடைக்கிறது. என் தோழிக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் கோபம் உண்டு. “என்னைத் தெரிந்துகொள்ள அவளைப் படிக்கிறார்கள், அவளோ வாயைத் திறப்பதில்லை” என்பார்.

யாருக்கும் தெரியாத ஊரில் இருந்துகொண்டு ஏன் சொல்ல வேண்டும்?

சொல்ல வேண்டிய கடமை இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் “மறைக்காமல் சொன்னால்தான் நட்பு” என்று நினைக்கும் நல்லவர்கள் அதிகம்.

தெரியாதவர் எதிரில் உட்கார்ந்திருப்பது ஓசுக் குடும்பத்தவருக்கு ஒரு சுகம். அந்த ஒரு இடத்தில்தான் அவர் வெறும் மனிதர். சொல்லிவிட்டால் அந்த இடமும் போய்விடும். ஊரில் மற்றவர்கள் அவரைப் பார்த்துச் சொல்லும் வசையை, அது இதுவரை நுழையாத ஒரு வீட்டுக்குள் அவரே கையில் எடுத்துக்கொண்டு போய் வைக்க வேண்டும். ஏழு ஆண்டுகள் அவர் என்னிடம் வாய் திறக்காதது அவநம்பிக்கையால் என்றுதான் முதலில் நினைத்தேன், கொஞ்சம் வருத்தமும் பட்டேன். பிறகுதான் புரிந்தது: என் மேசையை அவர் காப்பாற்றி வைத்திருந்தார்.

அப்படியும் ஏன் சொன்னார்? டிசம்பரால். இக்போ மக்கள் கிறிஸ்துமசுக்கு எங்கிருந்தாலும் ஊருக்குப் போவார்கள், நம் பொங்கல், தீபாவளிக் கூட்டம் போல. “நீங்கள் போகவில்லையா?” என்று ஒவ்வோர் ஆண்டும் நான் வெகுளியாகக் கேட்பேன். ஒவ்வோர் ஆண்டும் அவர் ஒரு காரணம் தேடுவார். டிக்கெட் விலை, மகனின் தேர்வு, காய்ச்சல். ஏழாவது டிசம்பரில் காரணம் தீர்ந்துபோயிற்று.

எப்போது சொல்வது?

நண்பர்களிடம் எப்போது வேண்டுமானாலும், அல்லது எப்போதுமே சொல்லாமலும் இருக்கலாம். மணம் செய்யப்போகிறவரிடம் மட்டும், அவர் வெளிநாட்டுக்காரரே ஆனாலும், குடும்பங்கள் சந்திப்பதற்கு முன் சொல்லிவிடுவது நல்லது. தமிழ் மாப்பிள்ளைக்கு இதெல்லாம் தெரியவா போகிறது என்று விட்டுவிட்டால், திருமண விருந்தில் யாரோ ஓர் இக்போ விருந்தாளி அவர் காதில் போட்டுவிடுவார். அப்போது அது செய்தியாக வராது, புறணியாக வரும்.

முதல் வாக்கியம் என்ன?

என்னிடம் சொன்ன பிறகு தோழி வேறு சிலரிடமும் சொல்லத் துணிந்தார். ஓர் இந்தியரிடம், “நான் எங்கள் ஊரில் தீண்டத்தகாதவள்” என்று தொடங்கினார். கேட்டவர் கண்கலங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த அரை மணி நேரம் தோழிதான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது. இன்னொருவரிடம் இக்போ வரலாற்றிலிருந்து தொடங்கினார். அவர் நடுவில் கைபேசியைப் பார்த்துவிட்டார்.

மூன்றாவதாகக் கண்டுபிடித்ததைத்தான் இப்போதும் சொல்கிறார்: “எங்கள் ஊரார் என் பூட்டனாரை ஒரு தெய்வத்துக்கு நேர்ந்துவிட்டார்கள். அதற்காக இன்றும் எங்களோடு சம்பந்தம் வைப்பதில்லை.” இரண்டே வாக்கியம். ஓசு என்ற சொல்லே இதில் வரவில்லை, கவனியுங்கள். செய்தவர் யார் என்பது முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது. “நான் இன்னது” என்று தொடங்கினால் கேட்பவர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். “ஊரார் செய்தார்கள்” என்று தொடங்கினால் அவர் ஊரைப் பற்றிக் கேட்பார். பெயர் பிறகு வரட்டும்.

தமிழில் எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது?

‘அடிமை’ தவறு, அது ஓஹு. ‘தாழ்ந்த சாதி’ என்பது ஊரார் தீர்ப்பை நாமும் கையெழுத்திட்டு ஏற்றுக்கொள்வது. ‘தேவரடியார்’ என்றால் நமக்கு வேறு வரலாறு நினைவுக்கு வந்து குழப்பும். ‘ஓசு என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்தவர்’ என்பது நீளம்தான். நீளமாகவே இருக்கட்டும். ‘ஓசு’ என்று தனியாக, ஆளைக் குறித்துச் சொன்னால் அது இக்போவில் முகத்தில் அறைவது போன்றது. முதலில் நான் “உங்களைப் போன்ற ஓசுக்கள்” என்று எழுதியிருந்தேன். தோழி அடித்த இரண்டு இடங்களில் ஒன்று அது.

ஒருவர் நம்மிடம் இதைச் சொன்னால் எப்படி எதிர்கொள்வது?

“இந்தக் காலத்திலுமா?” என்று வியக்காதீர்கள். இந்தக் காலத்தில்தான் அவருக்குச் சம்பந்தம் நின்றது. “பார்த்தால் அப்படித் தெரியவில்லையே” என்பதைப் பாராட்டாக நினைத்துச் சொல்கிறவர்கள் உண்டு. அதைச் சொன்னபின் திரும்ப எடுக்க முடியாது. “நன்றாகப் படித்து நல்ல வேலையிலும் இருக்கிறீர்கள், பிறகென்ன?” என்பது இன்னொன்று. படித்த ஓசுவின் வீட்டுக்கும் அதே மூன்று கேள்விகளோடுதான் பெரியப்பா வருவார்.

நான் சொன்னது, “எங்கள் ஊரில் இதைவிட மோசம்.” ஆறுதல் என்று நினைத்து, கிணறு, செருப்பு, டீக்கடைத் தம்ளர் என்று பத்து நிமிடம் பேசினேன். எல்லாம் உண்மை. ஆனால் அவர் வாழ்நாளில் முதல்முறையாக வெளியே எடுத்து வைத்ததை நான் என் ஊரைப் போட்டு மூடிவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உங்கள் குடும்பம் அதில் எந்தப் பக்கம்?” என்றார். அந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. தம்ளரைத் தனியாக வைத்தவர்களின் பக்கம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஒப்பிட்டுப் பேச வேண்டும் என்றால், முதலில் நாம் எந்தப் பக்கம் நின்றோம் என்பதைச் சொல்லிவிட்டு ஒப்பிடலாம்.

பேசாமல் கேட்பது நல்லது. கேட்க ஏதாவது வேண்டும் என்றால் “வேறு யாருக்குத் தெரியும்?” என்று கேளுங்கள். மிகவும் உபயோகமான கேள்வி; ஏன் என்பது அடுத்த பதிலில்.

இதை மற்றவர்களிடம் சொல்லலாமா?

கூடாது. நான் சொல்லிக் கெடுத்திருக்கிறேன். ஒரு பிறந்தநாள் விருந்தில் இக்போ நண்பர் ஒருவரிடம், எனக்கும் உங்கள் பண்பாடு கொஞ்சம் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசையில், “இந்த ஓசு வழக்கம் இன்னும் இருக்கிறதாமே?” என்றேன். தோழியின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லவே தேவையிருக்கவில்லை. எனக்கு லண்டனில் நெருக்கமான இக்போ தோழி ஒருவர்தான் என்பது அவருக்குத் தெரியும். “யார் சொன்னது?” என்று சாதாரணமாகக் கேட்டார். நான் விழித்தேன். அது போதுமானதாக இருந்தது. அவர் மோசமான மனிதர் அல்லர். அதன்பின் தோழியைப் பார்க்கும்போது அளவுக்கு மீறி அன்பாக நடந்துகொண்டார். தோழி அதை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

வெளியாருக்கு வெறும் செய்தியாக இருப்பது உள்ளூர்க்காரர் காதில் விலாசமாகிவிடும். ஒருவர் உங்களிடம் சொன்னது உங்களோடு நிற்கட்டும்.

பிள்ளைகளுக்குச் சொல்வதா, வேண்டாமா?

இதில் தோழியின் வீட்டிலேயே சண்டை. அவருடைய அண்ணன் சொல்லவில்லை; என்னோடு முடியட்டும் என்கிறார். தோழி தன் மகனுக்குப் பதினான்கு வயதில் சொன்னார். தான் கேட்டது பள்ளிக்கூடத்தில், சண்டையின் நடுவே, இன்னொரு சிறுமியின் வாயிலிருந்து. மகனாவது தாயிடமிருந்து கேட்கட்டும் என்று நினைத்தார். மகன் கேட்டுவிட்டு, “அந்தச் சாமியின் பெயர் என்ன?” என்றான். தோழிக்குத் தெரியவில்லை. ஊருக்குப் போன் போட்டுச் சித்தப்பாவிடம் கேட்டார். மறுமுனையில் வெகுநேரம் சத்தமில்லை. பிறகு அவர், “ஏன், கோயில் கட்டப்போகிறானா?” என்றாராம்.

என் பிள்ளை அப்படிப்பட்ட குடும்பத்தில் திருமணம் செய்தால் நாங்களும் ஓசு ஆவோமா?

இப்படியும் கேட்டார்கள், ஒன்றுக்கு மூன்று பேர். ஊர் வழக்கப்படி ஓசுவை மணந்த டியாலாவும் ஓசு ஆவார். நீங்களோ டியாலாவும் அல்லர், ஓசுவும் அல்லர். அந்தக் கணக்கில் உங்களுக்கு இடமே இல்லை. இந்தக் கேள்வி எந்தப் பயத்திலிருந்து வருகிறது என்பதை உங்கள் வீட்டுக்குள் பேசிக்கொள்ளுங்கள்.

2018-ல் ஒழித்துவிட்டார்களாமே?

2018 டிசம்பரில் அனம்ப்ரா மாநிலத்தின் ந்ரி ஊரில், மரபுத் தலைவர்களும் பூசாரிகளும் கூடிச் சடங்கு செய்து ஓசு முறை ஒழிந்தது என்று அறிவித்தார்கள். ந்ரி இக்போ மக்களின் பழைய சமயத் தலைநகரம் போன்றது, ஆகவே அந்த அறிவிப்புக்கு எடை உண்டு. 1956 சட்டம் அரசின் குரல். இது தெய்வத்தின் பக்கத்திலிருந்து வந்த குரல். முடிச்சுப் போட்டவர்களே அவிழ்ப்பதுபோல. சில ஊர்கள் ஏற்றுக்கொண்டன, சில ஊர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தோழியின் சித்தப்பா அந்தச் செய்தியைக் கைபேசியில் சேமித்து வைத்திருக்கிறார். யாருக்கும் காட்டியதில்லை; காட்டினால், ஏன் வைத்திருக்கிறாய் என்ற கேள்வி வருமே.

இப்படிப் பேசுவது இக்போ மக்களை இழிவுபடுத்துவதாகாதா?

ஆகக்கூடும், பேசுகிறவரைப் பொறுத்து. சட்டம் இயற்றியவரும் இக்போ, நாவல் எழுதியவரும் இக்போ, மகனுக்கு ஓசுப் பெண்ணை மனமுவந்து எடுத்த டியாலாத் தாய்மாரும் உண்டு. எல்லா ஊரிலும் ஒரே கடுமையும் இல்லை.

ஊருக்குப் போனால் எப்படி நடந்துகொள்வது?

கடந்த டிசம்பரில் தோழி பல ஆண்டுகளுக்குப் பிறகு போனார். நானும் போனேன். விருந்தாளி வந்தால் முதலில் ‘ஓஜி’, அதாவது கோலாக்கொட்டை. ஓஜியைக் கொண்டுவருகிறவர் உயிரைக் கொண்டுவருகிறார் என்பது அவர்கள் சொல். கூடியிருப்பவர்களில் மூத்த ஆண் அதைக் கையிலேந்தி இக்போவில் வேண்டுதல் சொல்லுவார். ஓஜிக்கு ஆங்கிலம் புரியாதாம். பிறகு உடைத்து, எத்தனை இதழ் என்று எண்ணுவார்கள். நான்கு இருந்தால் மகிழ்ச்சி. இக்போ வாரத்துக்கு ஏகே, ஓரியே, அஃபோ, ந்க்வோ என்று நான்கு சந்தை நாள், அதனால்தான். டியாலா கூடியிருக்கும் சபையில் ஓசு ஓஜியை உடைக்கக்கூடாது என்பது பழைய விதி. தன் வீட்டில் உடைக்கலாம். வந்தவர் தின்பாரா என்பதுதான் கேள்வி. உங்களுக்குக் கொடுத்தால் உடனே வாயில் போட்டு மெல்லுங்கள். கசக்கும். முகத்தைச் சுளிக்காதீர்கள்.

நான் போயிருந்த அன்று பக்கத்து வளவிலிருந்து ஒரு முதியவர் வந்தார், டியாலா. சித்தப்பா ஓஜியை ஏந்தி வேண்டினார், உடைத்தார். நான்கு இதழ். தட்டு சுற்றி வந்தது. நான் ஒன்றை எடுத்து மென்றேன். முதியவரும் ஒன்றை எடுத்தார், விரலால் துடைத்தார், மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஓஜி வீட்டுக்குப் போனால் கொடுத்தவர் யார் என்று சொல்லும் என்று ஒரு பழமொழி உண்டு. விருந்தாளி ஓஜியை வீட்டுக்கு எடுத்துப்போவது மரியாதைதான். ஒரு மணி நேரம் சிரித்துப் பேசிவிட்டுப் போனார்.

அவர் போனதும், “அவருக்குப் பல் போய்விட்டது” என்றார் சித்தப்பா. தோழி தட்டில் மிச்சமிருந்த இதழ்களை எண்ணிக்கொண்டிருந்தார்.